லைன் வேகமாக இருந்தும் பேச்சு ஏன் விட்டுவிட்டுப் போகிறது?

திருப்பூரில் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. சாயங்காலமானால், துணி வாங்கும் வெளிநாட்டு பையரோடு வீடியோ கால். "ஏனுங்க தம்பி, அம்பது எம்பி லைனை நூறாக்கியாச்சுங்க. அப்பவும் நாம பேசறது அங்க கேக்க மாட்டீங்குதுங்க" என்றார் முதலாளி.

லேப்டாப்பில் பிங் ஓடவிட்டேன்; ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். 20 மில்லி செகண்டு. பக்கத்து மேசையில் மெர்ச்சண்டைசர் பெண் சாம்பிள் போட்டோக்களை பையருக்கு அனுப்ப ஆரம்பித்தார். பிங் 200, 500 என்று ஏறி 800-ஐத் தாண்டியது. போட்டோக்கள் போய் முடிந்ததும் மறுபடி 20. லைனில் கோளாறு இல்லை. ரவுட்டருக்குள் வரிசை நின்றிருக்கிறது.

முதலாளி எடுத்த நூறு எம்பி இறங்குவதற்கு (டவுன்லோடு) மட்டும்தான். ஏறும் பாதை (அப்லோடு) 5 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்குச் சுமார் 625 கிலோபைட். ரவுட்டரின் பஃபரில், அதாவது அனுப்ப வேண்டியதைப் பிடித்து வைக்கும் நினைவகத்தில், 500 கிலோபைட் போட்டோ காத்திருந்தால், அதற்குப் பின்னால் வரும் குரல் பாக்கெட் (குரலின் ஒரு சின்னத் துண்டு) 0.8 விநாடி நிற்க வேண்டும். குரலோ பொதுவாக 20 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட்டாகப் போவது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

இது புதுச் சிக்கல் இல்லை. 1986 அக்டோபரில் அமெரிக்காவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கெஜ தூரத்தில், விநாடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த போக்கு 40 பிட்டுக்கு விழுந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-ல் வழி சொன்னார்: பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு, இணையத்தில் தரவை அனுப்பும் நெறிமுறையான டிசிபி வேகத்தைக் குறைக்கட்டும். இன்றைய பெரிய பஃபர்கள் அந்தச் செய்தியைத்தான் மறைத்துவிடுகின்றன. பாக்கெட்டைத் தொலைய விடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டிசிபியும் பாதை காலி என்று நினைத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

பேச்சுக்கு, தாமதமாக வந்த பாக்கெட்டும் வராத பாக்கெட்டும் ஒன்றுதான். அதனால்தான் குரலையும் வீடியோவையும் அனுப்ப 1996-ல் வந்த ஆர்டிபி நெறிமுறை, தொலைந்ததைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண்ணும் நேர முத்திரையும் இருக்கும். வந்ததை வைத்துக் குரலை ஓட்ட வேண்டியது கேட்கிற பக்கத்தின் வேலை. ஆனால் 0.8 விநாடி தேக்கத்தை எந்த நெறிமுறையாலும் ஈடுகட்ட முடியாது. வரிசையையே சுருக்கியாக வேண்டும். அதற்காக கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் 2012-ல் கொடுத்தது கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறை. அதிலிருந்து வளர்ந்த எஃப்க்யூ கோடெல் லினக்ஸ் இயங்குதளத்திலேயே இருக்கிறது. பல ரவுட்டர்களில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் அதை இயக்கலாம்.

அங்கே அதை இயக்கி, ஏறும் வேகத்தை 4.5 எம்பிபிஎஸ்ஸில் கட்டினேன். போட்டோ போகும்போதும் பிங் 40-ஐத் தாண்டவில்லை. புது லைனும் வேண்டாம், புதுச் செலவும் வேண்டாம்.

கோவை, ஈரோடு, பெருந்துறைப் பக்கம் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகள் நெட்வொர்க் பிராஜெக்டை சிமுலேஷனோடு முடித்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். பக்கத்து கம்பெனியில் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பிக்கொண்டே பிங் பாருங்கள், எண்களைக் குறித்து வையுங்கள். கம்பெனிக்காரர்களும் அடுத்த பிளானுக்குப் பணம் கட்டும் முன் இதே சோதனையை ஒருதரம் செய்து பாருங்கள். சும்மா இருக்கும்போது ஒருமுறை, ஃபைல் போகும்போது ஒருமுறை.