கொராபரேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

"அ.சா.1 சொன்னதுக்கு கொராபரேஷன் எங்கே?" பாலியல் குற்ற வழக்கின் அப்பீலில் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். அ.சா.1 என்றால் அரசுத் தரப்பின் முதல் சாட்சி, இங்கே பாதிக்கப்பட்டவர். ஒருவரின் சாட்சியத்தை வேறொரு சான்று வந்து தாங்கிப் பிடிப்பது கொராபரேஷன் (corroboration). மருத்துவ அறிக்கையோ, துணியில் இருந்த கறையோ, இன்னொருவர் பார்த்ததோ எதுவாகவும் இருக்கலாம்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீன் 'ரோபுர்'. அதற்கு ஓக் மரம் என்று பொருள், அதுவும் வைரம் பாய்ந்தது. வலிமைக்கும் அதே சொல். கடையில் வாங்கும் ரோபஸ்டா வாழைப்பழமும் ரோபஸ்டா காபியும்கூட இந்த வேரில் வந்தவைதான்!

பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்துக்கு இப்படி ஒரு தாங்கல் கட்டாயம் என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. குற்றத்துக்கு உடந்தையானவரின் வாக்குமூலத்தைப் பற்றித்தான் அது எச்சரித்தது. நீதிமன்றங்கள் அந்த எச்சரிக்கையை இங்கேயும் கொண்டுவந்து ஒட்டின. ராஜஸ்தானில் 8 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில் விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. அப்பீலைக் கேட்ட செஷன்ஸ் நீதிபதியோ, மனசாட்சிக்கு இது போதும், சட்டத்துக்குப் போதாது என்று விடுவித்துவிட்டார். சிறுமி தன் தாயிடம் சொன்னதையே கொராபரேஷனாக ஏற்று உயர் நீதிமன்றம் மறுபடி தண்டித்தது. 1951 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கொராபரேஷன் சட்ட விதியல்ல, முன்யோசனை. அந்த யோசனை நீதிபதியின் மனதில் இருந்தால் போதும் என்றார் நீதிபதி விவியன் போஸ். அதையே விதியாக்கிக் கேட்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்ற பொருளில் 1983-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

அப்பீல் நீதிபதிகள் சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை, பதிவான வாக்குமூலத்தைத்தான் படிக்கிறார்கள். பஞ்சாப் வழக்கொன்றில் கடத்திய கார் ஃபியட்டா அம்பாசடரா என்று பெண்ணுக்குச் சொல்லத் தெரியாததைக்கூட விசாரணை நீதிமன்றம் குறையாகப் பிடித்து, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்திருந்தது. அந்த விடுதலையை 1996-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாதிக்கப்பட்ட பெண் உடந்தையாளர் அல்லர், தயக்கம் இருந்தால் நம்பிக்கை தரும் சிறு சான்றைத் தேடலாம், கொராபரேஷன் அளவுக்குப் போக வேண்டியதில்லை என்றது.

சரி, தமிழுக்கு வருவோம். 'உறுதிப்படுத்தல்' என்று எழுதினால் குழப்பம்தான். "தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது" என்று பேப்பரில் தினமும் படிக்கிறோமே, அது வேறு. 'துணைச்சான்று' என்பதில் வலு என்ற பொருளே இல்லை. ஒத்து நின்று உறுதி தருவது என்பதால் 'ஒத்துறுதி' எனக்குச் சரியாகப் படுகிறது. செய்தி எழுதுபவர்கள் 'வலுச்சேர்க்கும் சான்று' என்று விரித்தும் எழுதலாம். 1996 தீர்ப்பு பிரித்துக் காட்டிய சின்னச் சான்றை 'நம்பிக்கைச் சான்று' எனலாம்.

ஒத்துறுதி தேவையில்லை என்பதால் எதைச் சொன்னாலும் செல்லும் என்று ஆகாது. முதல் வாக்குமூலத்திலிருந்து குறுக்கு விசாரணை வரை பிறழாமல் நிற்பவரே 'ஸ்டெர்லிங் விட்னஸ்' என்று 2012-இல் டெல்லி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அந்த வழக்கில் தண்டனை ரத்தானது. ஸ்டெர்லிங் என்பது வெள்ளியின் தரத்தைக் குறிக்கும் சொல். நம் ஊர் ஆசாரிகள் பொன்னின் தரத்தை 'மாற்று' என்பார்கள். அந்தச் சொல்வழக்கில் சொன்னால்: மாற்றுக் குறையாத சாட்சி.