மே 31 க்கு முன் கேட்க வேண்டியவை: கனடாவில் காப்புரிமைச் சட்டமும் அரச செலவும் பாராளுமன்றச் சோதனைக்கு வரும் வழி

2020 மார்ச் 24 அன்று ஒட்டாவாவில் பொதுச்சபை கூடியபோது ஆசனங்களில் இருந்தவர்கள் முப்பது சொச்சம் எம்பிக்கள்தான். கோவிட் காரணமாகக் கட்சிகள் பேசி வைத்து அவ்வளவு பேரை மட்டும் அனுப்பியிருந்தன. அவர்கள் முன் வரவிருந்தது சட்டமூலம் சி-13. வேலை இழந்தவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் பணம் கொடுப்பதற்கான அவசரச் சட்டம் அது. அதற்கு முதல் நாள் எதிர்க்கட்சிகளின் கைக்கு வந்த வரைவில், 2021 டிசம்பர் முடியும் வரை பாராளுமன்றத்தைக் கேட்காமலே வரியை மாற்றவும் பணத்தைச் செலவிடவும் அரசுக்கு அதிகாரம் தரும் வாசகம் இருந்தது. எதிர்க்கட்சிகள் மறுத்தன, பகல் முழுக்கப் பேச்சு நடந்தது, வரி அதிகாரம் வெளியே போனது. செலவு அதிகாரத்துக்கு 2020 செப்டெம்பர் 30 என்று முடிவுத் தேதி வைத்தார்கள். 25 ஆம் தேதி விடியும் வேளையில் பொதுச்சபை நிறைவேற்றியது. அன்றே செனட்டும் நிறைவேற்றி, அன்றே அரச ஒப்புதலும் கிடைத்தது.

அதே சட்டமூலத்துக்குள் காப்புரிமைச் சட்டத்துக்கும் ஒரு திருத்தம் இருந்தது, 19.4 ஆம் பிரிவு. பொதுச் சுகாதார அவசரநிலைக்குத் தேவையான அளவுக்கு, காப்புரிமை உள்ள கண்டுபிடிப்பை அரசோ அரசு குறிப்பிடும் ஒருவரோ செய்யலாம், பயன்படுத்தலாம், விற்கலாம். சுகாதார அமைச்சர் விண்ணப்பித்தால் காப்புரிமை ஆணையாளர் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். உரிமையாளருக்குப் போதுமான தொகை கொடுக்க வேண்டும். ஓர் அனுமதி அதிகபட்சம் ஓராண்டு நிற்கும். 2020 செப்டெம்பர் 30 க்குப் பிறகு புதிதாக அனுமதி கொடுக்க முடியாது. முகக்கவசம், சுவாசக்கருவி, மருந்து எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடிய பெரிய அதிகாரம் இது. வழக்கமான காலத்தில் மாதக்கணக்கில் குழு விசாரணைக்குப் போயிருக்க வேண்டியது, ஒரே இரவில் முடிந்தது.

முடிவுத் தேதி இருந்ததால் அந்த அதிகாரம் தானாக அடங்கியது. எந்தச் சட்டமூலத்தைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டிய வாசகம் அதுதான்: முடிவுத் தேதி இருக்கிறதா, இல்லையென்றால் மறுஆய்வுக்குத் தேதி இருக்கிறதா. இரண்டும் இல்லாத சட்டத்தைப் பாராளுமன்றம் திரும்பிப் பார்க்க வேண்டிய கட்டாயம் கிடையாது.

பணத்தின் நாட்காட்டி

கனடா மத்திய அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பட்ஜெட் உரையையும் செலவு மதிப்பீட்டையும் பலர் ஒன்றென நினைக்கிறார்கள். பட்ஜெட் உரை அரசின் எண்ணத்தைச் சொல்கிறது. பணத்தை எடுக்கும் அனுமதி செலவு மதிப்பீட்டின் வழியாகத்தான் கிடைக்கிறது. இரண்டும் கணக்கு வைக்கும் முறையிலேயே வேறுபடுவதால், உரையில் கேட்ட தொகையை மதிப்பீட்டில் தேடினால் அதே எண் கிடைக்காது. அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

பிரதான மதிப்பீடு மார்ச் 1 க்குள் சபைக்கு வர வேண்டும். அதை முழுதாகப் பார்க்க நேரம் வேண்டும் என்பதால், மார்ச் 26 இல் முடியும் காலப்பகுதியில் பொதுவாகப் பன்னிரண்டில் மூன்று பங்குக்கு இடைக்கால அனுமதி கொடுப்பார்கள். மிகுதி ஜூன் 23 க்குள். இடையில் ஒவ்வொரு அமைச்சின் வாக்குத் தலைப்பும், அதாவது எம்பிக்கள் வாக்களித்து அனுமதிக்க வேண்டிய தொகையும், அதற்குரிய நிலைக்குழு என்ற எம்பிக்களின் நிரந்தரக் குழுவுக்குப் போகிறது. மே 31 க்குள் குழு அறிக்கை கொடுக்காவிட்டால், கொடுத்ததாகவே கருதப்படும். 1960களின் கடைசியில் வந்த விதி இது. இதன் விளைவு கனமானது: ஒரு குழு ஒரு கூட்டம்கூட நடத்தாமல் கோடிக்கணக்கான டொலரை விட்டுவிடலாம், அதனால் எதுவும் தடைப்படாது. எதிர்க்கட்சித் தலைவர் ஒரேயொரு அமைச்சுக்குப் பத்து அமர்வு நாட்கள் வரை நீட்டிப்புக் கேட்கலாம். அத்துடன் இரண்டு அமைச்சுகளை, எல்லா எம்பிக்களும் அமரும் முழுச்சபைக் குழுவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் நான்கு மணிநேரம் வரை கேள்வி கேட்கலாம்.

குழுவின் கையில் மூன்று தெரிவுகள் உள்ளன: ஏற்பது, குறைப்பது, நிராகரிப்பது. கூட்ட முடியாது. 1867 அரசியலமைப்புச் சட்டத்தின் 54 ஆம் பிரிவுப்படி பணம் ஒதுக்கும் பரிந்துரை ஆளுநர் நாயகத்திடமிருந்து, அதாவது அரசிடமிருந்தே வர வேண்டும். ஆகவே 'இந்தத் திட்டத்துக்கு இன்னும் பத்து மில்லியன் சேருங்கள்' என்று குழுவுக்கு எழுதினால் அவர்களால் அதைச் செய்ய முடியாது. 'இந்தத் தலைப்பில் உள்ள தொகை எதற்கு, போன வருடம் எவ்வளவு செலவாகாமல் மிஞ்சியது' என்று கேட்கச் சொன்னால் அவர்களால் முடியும்.

இன்னொரு எல்லையும் உண்டு. மதிப்பீட்டில் காட்டப்படும் செலவில் பாதிக்கும் மேல் வேறு சட்டங்களால் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டது: முதியோர் காப்புப் பணம், மாகாணங்களுக்கான சுகாதாரக் கொடுப்பனவு, கடன் வட்டி போன்றவை. அவை தகவலுக்காகக் காட்டப்படுகின்றன, வாக்குக்கு வருவதில்லை.

காப்புரிமைத் துறையை இந்தக் கண்ணால் பாருங்கள். கனடா அறிவுசார் சொத்து அலுவலகம் தனக்கு வரும் கட்டணங்களில் இயங்குகிறது. கைத்தொழில் அமைச்சின் பக்கத்தில் அது சுழல்நிதி என்ற பெயரில் சட்டப்படியான செலவின் கீழ் ஒற்றை வரியாக நிற்கும். அந்த வரி மீது எம்பிக்கள் வாக்களிப்பதில்லை. 2024 ஜனவரி 1 இல் அந்த அலுவலகத்தின் கட்டணங்கள் பலவும் 25 சதவீதம் உயர்ந்தபோது அதைக் கட்டுபவர்களுக்கு நேரடியாக வலித்தது, ஆனால் வாக்குத் தலைப்பில் தேடியவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மாறாக, காப்புரிமை உள்ள மருந்துகளின் விலையைக் கவனிக்கும் மீளாய்வுச் சபைக்குத் தனி வாக்கு 1 உண்டு. அது சுகாதார நிலைக்குழுவுக்குப் போகிறது. மருந்து விலை பற்றிக் கேள்வி இருந்தால், கைத்தொழில் குழுவுக்கு எழுதி மாதங்களை வீணாக்காமல் சுகாதாரக் குழுவுக்கு எழுதுங்கள். 2023 இல் அந்தச் சபையில் பதவி விலகல்கள் நடந்தபோது விசாரணை நடத்தியதும் சுகாதாரக் குழுதான்.

ஆண்டு நடுவில் துணை மதிப்பீடுகள் ஏ, பி, சி என்று மூன்று முறை வரை வரும். இவற்றைக் கூர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. 2018-19 பிரதான மதிப்பீட்டில், அரச செலவை மேற்பார்க்கும் அமைச்சர்கள் குழுவான திறைசேரிச் சபையின் கீழ் வாக்கு 40 என்று ஒன்று சேர்த்து, பட்ஜெட்டில் சொன்ன புதிய திட்டங்கள் அனைத்துக்குமாக 7 பில்லியன் டொலருக்கு மேல் ஒரே தலைப்பில் கேட்டார்கள். எந்தத் திட்டம் எப்படி நடக்கப் போகிறது என்று அமைச்சுகளின் திட்டமிடல் அறிக்கைகளில் எழுதப்படவே இல்லை. பாராளுமன்ற வரவுசெலவு அதிகாரி அதைக் கண்டித்தார். ஒரு தலைப்பு எவ்வளவு பரந்ததோ, அவ்வளவுக்குக் கேள்வி வழுக்கிப் போகும்.

பாராளுமன்றம் தேர்தலுக்காகக் கலைந்திருந்தால் இந்த நாட்காட்டி முழுதும் நின்றுவிடும். அப்போது ஆளுநர் நாயகத்தின் விசேட ஆணைகளால் பணம் எடுக்கப்படும். 2025 வசந்தத்தில் அதுதான் நடந்தது. பிரதான மதிப்பீடு மே 27 அன்றுதான் சபைக்கு வந்தது.

செலவான பிறகு

பொதுக் கணக்குகள் டிசம்பர் 31 க்குள் சபைக்கு வர வேண்டும். அவற்றையும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளையும் பார்க்கும் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி எம்பி ஒருவரே தலைவர். கியூபெக்கில் மத்திய அரசை விளம்பரப்படுத்தச் செலவிட்ட அனுசரணைத் திட்டம் பற்றி 2004 பெப்ரவரியில் வந்த அறிக்கை ஓர் அரசையே ஆட்டியது இந்த வழியில்தான். 2024 பெப்ரவரியில், கோவிட் காலத்தில் கனடாவுக்குள் வருவோர் விவரம் பதிந்த அரைவ்கான் செயலி பற்றி வந்த அறிக்கை, செலவு சுமார் 59.5 மில்லியன் டொலர் என்று மதிப்பிட்டது. அதைவிடக் கவலையான பகுதி, பதிவுகள் அவ்வளவு மோசமாக இருந்ததால் சரியான தொகையைத் தீர்மானிக்கவே முடியவில்லை என்பது. அதே ஆண்டு ஏப்ரலில், அந்தச் செயலி பற்றி அரச செயற்பாடுகள் மற்றும் மதிப்பீடுகள் குழு என்ற வேறொரு குழு கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தவறிய ஒப்பந்தக்காரர் ஒருவர் பொதுச்சபையின் வாயிலில் நிறுத்தப்பட்டுக் கேள்வி கேட்கப்பட்டார். பொதுமகன் ஒருவர் அப்படி அழைக்கப்பட்டது 1913 க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

காப்புரிமைச் சட்டம் சோதிக்கப்பட்ட கதை

1969 இல் பாராளுமன்றம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, காப்புரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் மற்றவர்கள் மருந்துகளை இறக்குமதி செய்யக் கட்டாய உரிமம் வழங்க வழி செய்தது. உரிமையாளருக்குப் பொதுவாக 4 சதவீத ராயல்டி. அசல் மருந்தின் பிரதியை வணிகப் பெயர் இல்லாமல் மலிவாக விற்கும் பொதுப்பெயர் மருந்துத் தொழில் கனடாவில் வளர்ந்தது இதனால்தான். 1987 இல் சி-22 அந்த உரிமத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டு, அதற்கு ஈடாக விலை மீளாய்வுச் சபையை உருவாக்கியது. 1993 இல் சி-91 கட்டாய உரிமத்தை முற்றாக எடுத்துவிட்டது. அத்துடன் வந்த ஒழுங்குவிதிகளின்படி, பொதுப்பெயர் நிறுவனம் அனுமதி கேட்டதும் காப்புரிமையாளர் வழக்குப் போட்டால் அனுமதி 30 மாதம் வரை தானாக நிற்கும்.

ஆனால் சி-91 இன் 14 ஆம் பிரிவில், நான்கு ஆண்டுகளில் பாராளுமன்றக் குழு இதைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 1997 இல் கைத்தொழில் நிலைக்குழு விசாரித்தது. நிறுவனங்களும் நோயாளர் அமைப்புகளும் மாகாணங்களும் வந்து பேசின. 1998 இல் ஒழுங்குவிதிகள் திருத்தப்பட்டு 30 மாதம் 24 ஆனது. காப்புரிமை முறையின் பெரிய அமைப்பு அப்படியே இருந்தது உண்மை. ஆனாலும் மருந்துக்குக் காத்திருப்பவருக்கு ஆறு மாதம் சிறியதல்ல. அந்த மறுஆய்வுப் பிரிவு எழுதப்படாமல் இருந்தால் அந்தக் கதவு அந்த ஆண்டில் திறந்திருக்காது.

மறுஆய்வு இருந்தும் பயன் கிட்டாத உதாரணமும் உண்டு. 2004 இல் ஏழை நாடுகளுக்குக் காப்புரிமை மருந்துகளைப் பொதுப்பெயரில் செய்து அனுப்ப சி-9 சட்டமானது. நாடு, மருந்து, அளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி. 2008 இலும் 2009 இலும் ருவாண்டாவுக்கு எச்ஐவி மருந்து போனது. அதற்குப் பிறகு அந்த வழியில் எந்த மருந்தும் போகவில்லை. 2007 இல் அரசு நடத்திய மறுஆய்வு, திருத்தம் எதையும் தரவில்லை. நடைமுறையை எளிதாக்கும் சி-393 2011 மார்ச்சில் பொதுச்சபையில் நிறைவேறியது. செனட்டில் இருக்கும்போதே பாராளுமன்றம் கலைந்தது, அத்துடன் அதுவும் போனது.

இப்போது காப்புரிமைச் சட்டம் பெரும்பாலும் மாறுவது பட்ஜெட் அமலாக்கச் சட்டமூலங்களுக்குள். 2018 இன் சி-86 எண்ணூறு பக்கங்களுக்கு மேல். அதற்குள்தான், மீறல் நடந்ததாகச் சொல்லிப் பணம் கேட்கும் காப்புரிமை மிரட்டல் கடிதங்களுக்கான நிபந்தனைகளும், பரிசோதனைக்காகக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்துவது மீறல் ஆகாது என்பதும் வந்தன. 2023 இன் சி-47 இல், காப்புரிமை வழங்கத் தாமதமானால் 20 ஆண்டுக் காலத்துக்கு மேல் கூடுதல் காலம் கொடுக்கும் விதி வந்தது. அது 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இப்படிப்பட்ட சட்டமூலத்தை ஏற்பது நிதி நிலைக்குழு. காப்புரிமை தெரிந்த கைத்தொழில் குழுவுக்கு ஒரு பகுதி அனுப்பப்படலாம், அனுப்பப்படாமலும் போகலாம். சம்பந்தமில்லாத பகுதிகளைத் தனி வாக்குக்குப் பிரிக்கச் சபாநாயகருக்குச் சபை விதியான நிலையியற் கட்டளை 69.1 அதிகாரம் தருகிறது. பட்ஜெட் உரையில் அறிவித்த விடயம் என்றால் அந்த அதிகாரம் செல்லாது. எனவே பட்ஜெட் வெளியாகும் நாளிலேயே அதன் பின்னிணைப்பில் உள்ள சட்டத் திருத்தப் பட்டியலைப் படியுங்கள். இந்த மாற்றங்கள் முதலில் தலைகாட்டும் இடம் அதுதான்.

நீங்கள் நுழையும் இடம்

டொரொண்டோ பக்கம் ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ இருப்பவர் ஒட்டாவாவுக்குப் போகாமலே செய்யக்கூடியவை உண்டு. குழு ஒரு விடயத்தை ஆராயத் தீர்மானித்ததும் அதன் பக்கத்தில் எழுத்துமூலச் சமர்ப்பணத்துக்கு அழைப்பு வரும். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதினால் போதும், மற்ற மொழிக்குக் குழுவே மாற்றும். அந்த மொழிபெயர்ப்பு முடியும் வரை உறுப்பினர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். கடைசி நாளில் அனுப்பிய சமர்ப்பணம் கூட்டம் முடிந்த பிறகு மேசைக்கு வருவது இதனால்தான். முதல் பக்கத்திலேயே கோரிக்கையை வையுங்கள். 'பிரிவு இன்னது, வரி இன்னது, இப்படி மாற்றுக' என்று வாசகத்தையே எழுதிக் கொடுத்தால் ஓர் எம்பி அதைத் திருத்தமாக அப்படியே முன்வைக்க முடியும். பத்துப் பக்க ஆதங்கத்தால் அது முடியாது.

குழு எதையும் ஆராயவில்லை என்றால் உங்கள் எம்பியிடம் எழுத்துமூலக் கேள்வி போடச் சொல்லுங்கள். 45 நாளில் பதில் கேட்டுப் போடலாம். ஓர் எம்பி ஒரே நேரத்தில் நான்கு கேள்விகளைத்தான் நிலுவையில் வைத்திருக்கலாம் என்பதால், கேள்வியைத் தயாராக எழுதிக் கொண்டுபோனால் இடம் கிடைப்பது எளிது. பொதுச்சபை முகவரிக்கு எம்பிக்கு அனுப்பும் கடிதத்துக்கு முத்திரை தேவையில்லை. இணைய மகஜருக்கு ஐந்து ஆதரவாளர்கள், ஓர் எம்பி, 500 கையொப்பங்கள் வேண்டும். காகித மகஜருக்கு 25 போதும். சபையில் வைத்தபின் 45 நாளில் அரசு பதில் தர வேண்டும். ஆவணமே வேண்டுமென்றால் தகவல் அறியும் விண்ணப்பத்துக்கு 5 டொலர். 10,000 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை அமைச்சுகள் காலாண்டுக்கு ஒருமுறை தாமாகவே வெளியிடுவதால், விண்ணப்பிக்கும் முன் அங்கே பாருங்கள்.

தேர்தல் வந்தால் நிலுவையில் உள்ள சட்டமூலங்களுடன் குழு ஆய்வுகளும் முடிந்துவிடும். ஆனால் முந்திய பாராளுமன்றத்தில் பெற்ற சாட்சியங்களையும் சமர்ப்பணங்களையும் எடுத்துக்கொள்ள, புதிய குழு ஒரு தீர்மானம் போடலாம். அது தானாக நடக்காது, யாராவது முன்மொழிய வேண்டும். நீங்கள் சமர்ப்பணம் கொடுத்திருந்தால், புதிய குழு அமைந்த முதல் வாரங்களில் அதன் எழுத்தருக்கும் உங்கள் பகுதி எம்பிக்கும் பழைய ஆய்வின் தலைப்பையும் தேதியையும் குறிப்பிட்டு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.