சுடுபாறை மின்சாரம்: சொல் விளக்கம்

1970களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் நிலத்தடிச் சூட்டை எடுக்க ஆழத் துளையிட்டார்கள். அடியில் இருந்த கருங்கல்லில் சூடு இருந்தது, நீரோட்டம் இல்லை. அதனால் அதை ‘ஹாட் டிரை ராக்’, அதாவது சூடான உலர்பாறை, என்றார்கள். அந்த நுட்பம் வளர்ந்து இன்று ‘என்ஹான்ஸ்டு ஜியோதெர்மல் சிஸ்டம்’, சுருக்கமாக இ.ஜி.எஸ். ஆகிவிட்டது. ‘ஜியோதெர்மல்’ கிரேக்க வேர் கொண்டது: ‘கே’ நிலம், ‘தெர்மே’ வெப்பம். இதற்குப் புவிவெப்பம் என்ற சொல் நிலைத்துவிட்டது, நல்ல சொல்தான்.

உறுத்துவது ‘என்ஹான்ஸ்டு’. ‘மேம்படுத்தப்பட்ட புவிவெப்ப அமைப்பு’ என்று எழுதினால் எது மேம்பட்டது என்று யாருக்கும் விளங்காது. வெப்பம் முன்பே அங்கே இருக்கிறது. நீர் போக வழிதான் இல்லை. அந்த வழியைத் திறப்பதே வேலை.

கிணற்றுக்குள் நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். கருங்கல்லில் ஏற்கெனவே உள்ள மெல்லிய கோடுகள் வாய் திறக்கின்றன. இரு முகங்களும் சற்றே நழுவி, மேடு மேட்டோடு முட்டி நிற்கும். அழுத்தம் தணிந்தாலும் முழுவதும் மூடாது. அந்த இடுக்குகளில் ஊர்ந்து சூடேறும் நீர் இன்னொரு கிணறு வழியே மேலே வந்து, தன் சூட்டைக் கொடுத்துச் சுழலியை ஓட்டுகிறது. பிரான்சின் சூல்ட்ஸில் சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில் 200 டிகிரி செல்சியஸ் பாறையிலிருந்து இப்படி மின்சாரம் எடுத்தார்கள்.

அந்த இடுக்குகளை ஆங்கிலத்தில் ‘ஃபிராக்சர்’ என்கிறார்கள். தமிழில் என்ன? லத்தீன் வேருக்கு உடைதல் என்று பொருள் என்பதால் ‘முறிவு’ என்று எழுதுகிறார்கள். முறிவு எலும்புக்கும் கிளைக்கும் பொருந்தும், முறிந்தது இரண்டாகும். பிளவும் அப்படித்தான். கீறல் மேற்பரப்போடு நின்றுவிடும். பொருள் ஒன்றாகவே இருக்க, உள்ளே இடைவெளி விரிவதை விரிசல் என்கிறோம். ‘விரி’ என்ற வேரிலேயே இங்கே நடப்பது அடங்கியிருக்கிறது. பாறை முகங்களின் அந்த நழுவல்தான் ஆபத்தும்கூட: 2006 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசலில் நீர் செலுத்தியதையடுத்து 3.4 அளவில் நிலம் நடுங்கியது, திட்டம் பின்னர் கைவிடப்பட்டது.

பாறைக்கு என் தேர்வு ‘சுடுபாறை’. சுடுநீர், சுடுமணல் போல இதுவும் வினைத்தொகை: சுட்ட, சுடுகின்ற, சுடும் பாறை. பூமி உருவானபோது தங்கிய வெப்பமும், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைந்து இன்றும் தரும் வெப்பமும், நாளை தரப்போவதும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே நுட்பத்தை ‘விரிசல்வழிப் புவிவெப்பம்’ என்றும், விளைவைச் ‘சுடுபாறை மின்சாரம்’ என்றும் எழுதலாம்.