சக்கர நாற்காலிக்கும் உடலளவு பார்க்க வேண்டும்

“எந்தக் கருவி நல்லது, சொல்லுங்கள், வாங்கிவிடுகிறோம்.” அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொள்ள மற்றவர்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, சக்கர நாற்காலி, கைத்தடி போன்ற உதவிக் கருவிகளைப் பற்றி நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். கேட்பவர் மகனோ மருமகளோ. கருவியைப் பயன்படுத்தப் போகிறவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் கதையே மாறிவிடும். “வெளியே அழைத்துப்போக” என்று வீட்டார் நினைத்திருப்பார்கள். அவருக்கோ துணையில்லாமல் குளியலறைக்குப் போய்வந்தால் போதும். இரண்டுக்கும் கருவி வேறு.

1993-இல் அமெரிக்காவில் 227 பேரிடம் நடத்திய ஆய்வில், இப்படிப்பட்ட உதவிக் கருவிகளில் சுமார் 29 சதவீதம் கைவிடப்பட்டிருந்தன. பயன்படுத்துபவரின் விருப்பத்தைக் கேட்காமல் விட்டது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

அடுத்த காரணம், அளவு. சட்டைக்கு அளவெடுக்கிறோம், நாள் முழுக்க உட்காரும் நாற்காலிக்கு எடுப்பதில்லை. மருத்துவமனை வராந்தாவில் பார்க்கும் சக்கர நாற்காலி நோயாளியைச் சிறிது தூரம் தள்ளிச் செல்வதற்கானது. அதிலேயே வாழ்கிறவருக்கு, இருக்கை அவருடைய இடுப்பின் அகலத்துக்கு இருக்க வேண்டும். அகலம் கூடினால் உடம்பு ஒருபக்கம் சாய்ந்து முதுகுத்தண்டு வளையும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே 3 முதல் 6 செ.மீ. இடைவெளி வேண்டும். கால்மிதி உயர்ந்திருந்தால் தொடை தூக்கிக்கொண்டு எடை முழுக்கப் பிட்டத்தில் இறங்கும். முதுகுத்தண்டில் அடிபட்டு உணர்வு இழந்தவருக்கு அங்கே வலி தெரியாது. அந்த அழுத்தத்தில் வரும் புண் ஆழமான பிறகுதான் வீட்டில் கவனிப்பார்கள். அதனால் இருக்கையில் போடும் மெத்தையில்லாமல் நாற்காலியை மட்டும் கொடுப்பதை நான் ஏற்பதே இல்லை. மெத்தை இருந்தாலும் அவ்வப்போது முன்னால் குனிந்தோ கையூன்றி எழும்பியோ அழுத்தத்தைக் குறைக்கப் பழக்க வேண்டும்.

கைத்தடியில் ஒரே ஒரு விஷயம்: பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். பலரும் தலைகீழாகத்தான் பிடிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை. பார்வை குறைந்தவருக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதியாக ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஏற்கெனவே இருக்கின்றன. விண்டோஸ் கணினிக்கு இதே வேலையைச் செய்யும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். டாக்பேக்கைப் போட்டதும் போன் கெட்டுவிட்டதோ என்று பயந்து அணைத்துவிடுபவர்கள் உண்டு. கெடவில்லை, ஒருமுறை தொட்டால் அது படித்துச் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும். இந்த ஒரு பழக்கம் கைவந்தால் மற்றவை தானாக வரும்.

பேச்சு வராத குழந்தைக்கு, படத்தைத் தொட்டுக்காட்டித் தேவையைச் சொல்லும் படப்பலகை கொடுக்கச் சொன்னால் பெற்றோர் தயங்குகிறார்கள்: “இதையே காட்டிக்கொண்டு பேசாமலே இருந்துவிட்டால்?” நியாயமான பயம். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், வலுவான ஆதாரம் இருந்த நேர்வுகளில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியது. பேச்சு வரட்டும் என்று காத்திருக்கும் வருடங்களில் குழந்தை பசியையும் வலியையும் அழுதுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கருவியைக் கையில் வாங்கும்போது கொடுப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பழுதானால் யார் சரிசெய்வார்கள், மறுபடி எப்போது வந்து அளவு பார்க்க வேண்டும்? வளரும் குழந்தையென்றால் இரண்டாவது கேள்விக்குத் தேதியோடு பதில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.