உயிர்மாய்ப்பைத் தடுக்கும் பொறுப்பு எந்த மேசையில் இருக்கிறது? வன்னிக் குடும்பங்களுக்கான விளக்கம்

வீட்டிலோ அயலிலோ ஒருவர் இந்த நேரத்தில் உயிரை மாய்க்கும் எண்ணத்தோடு இருந்தால் இதைப் பிறகு வாசிக்கலாம். முதலில் 1926ஐ அழையுங்கள். தேசிய உளநல நிறுவகம் நடத்தும் இந்த இலக்கம் 24 மணி நேரமும் இயங்கும். உடலுக்கு ஏதும் நேர்ந்துவிட்டால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. ஆள் வந்து சேரும்வரை அவரைத் தனியே விடக்கூடாது. "சாகவேணும் போல இருக்கோ?" என்று நேரே கேட்டால் எண்ணம் கூடிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் எண்ணம் கூடிவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்பதே பலருக்குப் பாரத்தை இறக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். செத்த வீட்டில் "கவுண்மென்ற் ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்வது வழக்கம். அது உண்மையாகவே இருந்தாலும் எந்த அலுவலகமும் அந்தச் சொல்லைப் பதிவேட்டில் ஏற்றாது. எந்த உத்தியோகத்தர், எந்தத் திகதியில், எதைச் செய்திருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டால்தான் பதில் தேடவேண்டிய கட்டாயம் அங்கே பிறக்கும். இலங்கையில் தற்கொலைத் தடுப்புக்கென்று தனிச் சட்டம் கிடையாது. பொறுப்பு பல சட்டங்களிலும் பல பணிமனைகளிலும் சிதறிக் கிடக்கிறது. அதைப் பொறுக்கி ஓரிடத்தில் வைப்பதே இந்த விளக்கம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

மனநோய் பற்றி நடைமுறையில் உள்ள சட்டம் 1873ஆம் ஆண்டினது. ஆட்களை எப்படித் தடுத்து வைப்பது, எந்த நீதிமன்றம் கட்டளையிடுவது என்பதுதான் அதன் கவலை. முல்லைத்தீவில் ஒரு கிளினிக் எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு அதில் விடை தேடிப் பயனில்லை. 2020–2030 காலத்துக்கான தேசிய உளநலக் கொள்கை இருக்கிறது. கொள்கையை வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது. ஆனால் "உங்கள் கொள்கை இப்படிச் சொல்கிறது, இந்த மாவட்டத்தில் என்ன நடந்திருக்கிறது?" என்று எழுதிக் கேட்க அது போதும்.

1997இல் ஜனாதிபதி செயலணி ஒன்று தற்கொலைத் தடுப்புக்கான தேசியச் செயற்றிட்டத்தை வகுத்தது. அதைத் தொடர்ந்து 1998இல் தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவு நீக்கப்பட்டது. அன்றுமுதல் உயிர்மாய்க்க முயல்வது குற்றமல்ல. கால் நூற்றாண்டு கடந்தும் வன்னியில் இது பலருக்குத் தெரியாது. "பொலிஸ் வரும், கோட்டுக்கு ஏறவேணும்" என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் பிந்திக் கொண்டுபோகிறார்கள், அல்லது என்ன நடந்தது என்பதை வைத்தியரிடம் மறைக்கிறார்கள். இரண்டும் உயிருக்கு ஆபத்து. ஒருவரை உயிர்மாய்க்கத் தூண்டுவது இன்றும் 299ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால் வைத்தியசாலைப் பொலிஸார் வந்து வாக்குமூலம் கேட்கலாம். யாரும் தாக்கினார்களா, தூண்டினார்களா என்று அறிவதற்கே அது. முயற்சித்ததற்காக அவரைக் கைதுசெய்ய முடியாது. வடக்கில் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள், வாசித்து விளங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள்.

அரசு மனம் வைத்தால் உயிர்கள் மிஞ்சும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று உண்டு. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு சுமார் 47 பேர் உயிர்மாய்த்தார்கள். உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. பீடைநாசினிப் பதிவாளர் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தைக் கையிலெடுத்து, மிகக் கொடிய பயிர் மருந்துகளை 1984இல் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தினார். 1995க்குப் பின்வந்த ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 வீதம் இறங்கியது, விளைச்சல் குறையவுமில்லை. கொப்பியில் கையெழுத்துப் போட்டு ஒரு திணைக்களம் காப்பாற்றிய உயிர்கள் அவை. எனவே கிராமக் கடையில் பயிர் மருந்தைப் பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலில் பிரித்து ஊற்றி விற்பதைக் கண்டால் அதைச் சின்ன விஷயமாக எடுக்கவேண்டாம். உரிமம் இல்லாமலும் மூலப் பொதி இல்லாமலும் விற்பது சட்டவிரோதம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் திகதி போட்டு எழுத்தில் கொடுங்கள்.

யார் யாருக்குக் கீழே

கிராமத்தில் குடும்பநல உத்தியோகத்தர். அவருக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். இவர்கள் சுகாதாரத் திணைக்களத்துக்குக் கீழே வரமாட்டார்கள் என்பதைக் கவனத்தில் வைக்கவேண்டும். சிகிச்சைக்கு வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளும் மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் போன்ற ஆதார வைத்தியசாலைகளும் உள்ளன. மாவட்டம் முழுவதற்கும் பதில் சொல்லவேண்டியவர் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். அவருக்கு மேலே மாகாணப் பணிப்பாளர், கொழும்பில் சுகாதார அமைச்சின் உளநலப் பணியகம்.

சிக்கல் இந்த ஏணியின் நடுவில்தான். உளநல நிபுணர் வெற்றிடம் பற்றிக் கேட்டால் மாகாணம் "நியமனம் கொழும்பில்" என்று சொல்லும். கொழும்பில் கேட்டால் "மாகாணம் கோரவில்லை" என்று வரும். இரண்டு பதிலும் ஒரே வெற்றிடத்தைப் பற்றியவை. அதனால் ஒரே கேள்வியை ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் அனுப்பவேண்டும். பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொறுப்பு எந்த மேசையில் நின்றுபோனது என்று தெரிந்துவிடும்.

துண்டு வெட்டும் நாள்

அதிக கவனம் தேவைப்படுவது வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விடும் நாளுக்குத்தான். உயிர்மாய்க்க முயன்று தப்பியவருக்கு அடுத்துவரும் நாட்களும் வாரங்களுமே கடுமையானவை. சாதாரண வைத்திய விடுதியில் உடம்பைத் தேற்றிவிட்டு, உளநலப் பிரிவு பார்க்காமலேயே துண்டு வெட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காரணம் பெரும்பாலும் நேரம்: வெள்ளி பின்னேரம், சனி, ஞாயிறு. கட்டில் தேவைப்படுகிறது, உளநல வைத்தியர் திங்கள்தான் வருவார். வீட்டுக்காரரும் "போனால் காணும்" என்று நிற்பார்கள்.

அந்த நேரத்தில் விடுதி வைத்தியரிடம் கேட்கவேண்டியது இது: "உளநலப் பிரிவு பார்த்ததாக டிக்கெற்றில் எழுதியிருக்கோ, டொக்டர்?" எழுதப்படவில்லை என்றால் பார்த்த பிறகே விடும்படி பணிவாகக் கேளுங்கள். முடியாதென்றால் அந்தக் காரணத்தையும் பதியச் சொல்லுங்கள். எழுதவேண்டும் என்று வந்துவிட்டால் பல இடங்களில் முடிவே மாறும்.

பிறகு கையில் தரும் டயக்னோசிஸ் கார்ட்டைப் படியில் இறங்க முன்னரே பாருங்கள். உளநல கிளினிக்குக்கு வரவேண்டிய திகதி எழுதப்பட்டிருக்கவேண்டும், "பிறகு வரவும்" என்பது திகதி ஆகாது. மருந்தின் பெயரும் அளவும் எத்தனை நாளுக்குக் கொடுக்கப்பட்டது என்பதும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். நிறைய மருந்தை ஒரேயடியாக வீட்டில் வைத்திருப்பது நல்லதல்ல. சிறு அளவாகத் தரச் சொல்லி, வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படையுங்கள். மூன்றாவதாக, உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தகவல் போகிறதா என்று கேளுங்கள். துணுக்காயில் இருக்கும் ஒருவருக்கு முல்லைத்தீவுப் பொது வைத்தியசாலை இருக்கும் மாஞ்சோலையில் கிளினிக் போட்டால் ஒருநாள் கூலி போய்விடும். இரண்டாம் முறை அவர் வரமாட்டார். மல்லாவியிலேயே கிளினிக் நாள் உண்டா என்று அங்கேயே கேட்டு மாற்றிக்கொள்ளலாம். வராமல் விட்டவரைத் தேடிப்போவது சமூக உளநலக் குழுவின் வேலை. தேடிப்போக வாகனமும் எரிபொருளும் ஆளும் இருக்கிறதா என்பது மாவட்டப் பணிப்பாளர் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

எழுத்தில் கேட்பது எப்படி

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு உதவும். எந்தப் பிரசையும் தமிழில் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையின் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்:

"1. இம்மாவட்டத்தில் உளநல நிபுணர், உளநல வைத்திய அதிகாரி, சமூக உளநலத் தாதியர், உளநல சமூகப் பணியாளர் ஆகியோருக்கு அங்கீகரிக்கப்பட்ட பதவிகள் எத்தனை? இன்று கடமையில் உள்ளோர் எத்தனை பேர்? ஒவ்வொரு வெற்றிடமும் எந்தத் திகதியிலிருந்து? அவற்றை நிரப்பக் கோரி அனுப்பிய கடிதங்களின் பிரதிகள்.
2. கடந்த 2 ஆண்டுகளில் தன்னுயிர் மாய்க்க முயன்று அனுமதிக்கப்பட்டோர் வைத்தியசாலை வாரியாக எத்தனை பேர்? விடுவிக்க முன் உளநலக் குழுவால் பார்க்கப்பட்டோர் எத்தனை பேர்?
3. கிளினிக் திகதி வழங்கப்பட்டும் வராதோர் எத்தனை பேர்? அவர்களில் வீட்டுக்குச் சென்று பார்க்கப்பட்டோர் எத்தனை பேர்?
4. எந்தெந்த உளநல மருந்துகள் எத்தனை நாட்கள் கையிருப்பில் இல்லாதிருந்தன?"

பெயர்களைக் கேட்காதீர்கள், எண்களை மட்டும் கேளுங்கள். ஒருவரின் மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தர மறுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஒரு பெயர் வந்தால் அதைக் காட்டி முழுக் கடிதத்தையும் திருப்பிவிடுவார்கள். "உளநல சேவை பற்றிய விபரம் தரவும்" என்று பொதுவாக எழுதினாலும் பொதுவான பதில்தான் வரும்.

கடிதத்தைக் கொடுத்தவுடன் பெற்றுக்கொண்டதற்கான எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்ட கோரிக்கை என்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு 3 வாரம். அங்கும் சரிவராவிட்டால் 2 மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கிடைத்த பதிலை அலுமாரிக்குள் வைக்காமல் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு உறுப்பினர் ஒருவரிடம் கொடுங்கள். திணைக்களத் தலைவர்கள் எல்லோரும் இருக்கும் கூட்டம் அது. எண்ணோடு கேட்ட கேள்வி கூட்ட அறிக்கையில் ஏறும்.

உயிர் போய்விட்டால்

துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதை வாசிக்கக்கூடத் தெம்பு இராது. அயலவர் ஒருவர் கூட நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 370ஆம் பிரிவின்படி திடீர் மரண விசாரணை அதிகாரி சாட்சியம் எடுப்பார். "குடும்பப் பிரச்சினை" என்ற ஒரு வரியோடு அது முடிந்துவிடுவது வழக்கம். இறந்தவர் கிளினிக் போய்வந்தவர் என்றால், கடைசியாக எப்போது போனார், மருந்து கிடைத்ததா, எப்போது துண்டு வெட்டினார்கள் என்பதைச் சாட்சியத்தில் சொல்லி எழுதுவியுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கைவிடாதீர்கள். அந்தப் பதிவு பிறகு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், பிரதி அங்கே கேட்டு எடுக்கலாம். பின்னாளில் எந்த முறைப்பாட்டுக்கும் அத்திவாரம் இந்தப் பதிவுதான்.

பொலிஸ் காவலிலோ சிறையிலோ மனநோய் வைத்தியசாலையிலோ ஒருவர் இறந்தால் அதே சட்டத்தின் 371ஆம் பிரிவு வேறு நடைமுறை சொல்கிறது. பொறுப்பதிகாரி உடனே நீதவானுக்கு அறிவிக்கவேண்டும், நீதவான் உடலைப் பார்வையிட்டு விசாரிக்கவேண்டும். பொது வைத்தியசாலையின் உளநல விடுதியைச் சட்டம் பெயர்சொல்லிக் குறிக்கவில்லை. அங்கே நடந்தால் நீதவான் விசாரணை வேண்டுமென்று உடலைப் பொறுப்பேற்க முன்னரே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் கொடுப்பது பாதுகாப்பு.

அடுத்ததில்தான் பலர் பிந்திவிடுகிறார்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம் மட்டுமே. சுகாதாரத்துக்கான உரிமை அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் நேரே இல்லை. ஆனால் வாழும் உரிமை அதற்குள் உட்கிடையாக உண்டென்று 2003இல் உயர் நீதிமன்றம் ஒரு காவல் மரண வழக்கில் ஏற்றுக்கொண்டது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படாது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு அது. அந்திரட்டியும் 31ஆம் நாளும் முடிந்த பிறகு பார்ப்போம் என்று இருந்தால் நாள் கடந்துவிடும். வழக்கத்தை விடச் சொல்லவில்லை. முதல் இரண்டு கிழமைக்குள் ஒருவரை வவுனியாவுக்கு அனுப்பிவிடுங்கள். முறைப்பாடு இரண்டு பக்கம் போதும்: திகதி வரிசையில் நடந்தவை, கொப்பியின் பிரதி, துண்டின் பிரதி, யாரிடம் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது.

கவனயீனத்துக்கான இழப்பீட்டு வழக்கென்றால் காலம் 2 வருடம், அரசுக்கு எதிராகத் தொடுக்க முன் ஒரு மாத எழுத்துமூல அறிவித்தல் வேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் உங்கள் மாவட்டத்துக்கான சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குப் போகலாம். வருமானத்துக்கான கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் அடையாள அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் அலையவேண்டி வரும்.