சீனி போடாத டீ ஏன் இனிக்கிறது?

மலேசியாவில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் மருந்தகம் வைத்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் வழக்கமாக வரும் அக்கா ஒருவர் பிரஷர் பார்க்க வந்தார். 168/94. கணுக்காலும் லேசாக வீங்கியிருந்தது.

"மாத்திரை தவறாமப் போடுறேன் தம்பி. உப்பையும் கொறச்சிட்டேன். தே தாரிக்கைக்கூட விட்டுட்டு மூலிகை டீதான், ஒரு நாளைக்கு அஞ்சாறு கப். சீனியே போடறதில்ல, ஆனாலும் நல்லா இனிக்குது."

கடைசியாகச் சொன்னது எனக்கு உறைத்தது. உடனே டாக்டரைப் பார்க்க அனுப்பினேன், மறுநாள் டீ பெட்டியைக் கொண்டுவரவும் சொன்னேன்.

ஆரஞ்சு வாசனை சேர்த்த கலவை. ஒரு பையை 200 மில்லி கொதிநீரில் போட்டு, தட்டால் மூடி, ஐந்து நிமிடம் விட்டேன். (மூடாமல் ஊறவைத்தால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். காசு கொடுத்து வாங்குவதே அந்த வாசனைக்குத்தான்!) கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சினேன். முதலில் ரோசெல் பூவின் புளிப்பு, அடுத்துப் பட்டையின் காரம். இனிப்பு வந்ததோ விழுங்கிய பிறகு. நாக்கின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது, தண்ணீர் குடித்தும் போகவில்லை. சீனி இப்படித் தங்காது. சீனித்துளசி தங்கும், ஆனால் முடிவில் கொஞ்சம் கசக்கும். இது அதிமதுரம், ஆங்கிலத்தில் லிக்கோரிஸ்.

பெட்டியைத் திருப்பினால் 'அக்கார் மானிஸ்', மலாயில் அதிமதுரம். அக்கா அதைப் பட்டை என்று நினைத்திருக்கிறார். பட்டை 'காயு மானிஸ்', அதுவும் பட்டியலில் இருந்தது. இரண்டிலும் இனிப்பு என்று பொருள்படும் 'மானிஸ்' இருந்தால் யாருக்கும் குழம்பத்தான் செய்யும். எடையில் அதிகமானதை முதலில் போடவேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. அதிமதுரம் இரண்டாவதாக நின்றது.

அதிமதுரத்தில் இனிப்பது கிளிசிரைசின். சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனை அடக்கிவைக்கும் நொதி ஒன்று உண்டு. கிளிசிரைசின் அந்த நொதியை முடக்கிவிடும். பிறகு அடங்காத கார்டிசோலால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர் ஏறும், கால் வீங்கும், தசை தளரும், முற்றினால் இதயத் துடிப்பே தடுமாறும். கிளிசிரைசின் நாளுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று 2003இல் ஐரோப்பிய உணவு அறிவியல் குழு சொன்னது. ஒரு பையில் எத்தனை மில்லிகிராம் என்று எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை.

இருமலுக்கு என்றைக்காவது ஒரு கப் குடிப்பவரை நான் பயமுறுத்த வரவில்லை. பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, டிகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தொடாமல் இருப்பதே நல்லது. சீன மருந்துக் கடையில் 'கம்சோ' என்று கொடுப்பதும் இதே வேர்தான்.

அக்காவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. டாக்டர் டீயை நிறுத்தச் சொல்லி மாத்திரையையும் மாற்றினார். ஆறு வாரத்தில் 138/84. எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாது. இப்போது செராய் என்ற எலுமிச்சைப் புல் தண்டின் அடிப்பகுதியை நசுக்கி, இஞ்சியோடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கும்போது பண்டான் இலை ஒன்றை முடிச்சுப் போட்டு இடுகிறார். அதுவே எனக்கும் பிடித்தது.

போன வாரம் புதுப் பெட்டி ஒன்றோடு வந்தார். "இதுல மானிஸே இல்ல தம்பி, நல்லாப் பாத்துட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில், பொடி எழுத்தில், 'லிக்கோரிஸ் ரூட்'.