நூறு டன் கிரேன் நூறு டன் தூக்காது

திங்கட்கிழமை ராத்திரி, செம்பூர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த நேரம். நவி மும்பைப் பக்கத்துத் தளோஜா தொழிற்பேட்டையிலிருந்து போன். "அண்ணே, கிரேனோட பின் ஜாக் தரையை விட்டு எழும்புது." ஜாக் என்றால் கிரேன் சாயாமல் இருக்கத் தரையில் ஊன்றுகிற கால். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ரிகிங், அதாவது சுமையைக் கட்டித் தூக்கும் வேலைக்கு, சூப்பர்வைசராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மெதுவாக இறக்கச் சொன்னேன். இறங்கிவிட்டது, யாருக்கும் ஒன்றுமில்லை. தூக்குகிற வெஸல், அதாவது ஆலைக்கான பெரிய இரும்புக் கலன், எத்தனை டன் என்று கேட்டால், "வெஸல் 26 டன்தான் அண்ணே, கிரேன் 100 டன்னாச்சே!" என்கிறான்.

இந்த வருஷம் இதே பதிலைக் கேட்பது நாலாவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கோபமாகவே.

100 டன் என்பது கிரேனின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரேன் சுழலும் மையத்திலிருந்து சுமார் 3 மீட்டருக்குள், பூமை, அதாவது கிரேனின் நீளும் கையை, குட்டையாக வைத்து, நாலு ஜாக்கையும் முழுசாக நீட்டி, பின்பக்கம் சாயாமல் பிடிக்கிற கவுண்டர்வெயிட் எல்லாம் ஏற்றினால் அந்த எடை. 3 மீட்டரில் கிரேனின் உடம்பே இருக்கும். அங்கே எந்த வெஸலையும் யாரும் நிறுத்தப்போவதில்லை. 10 மீட்டர் தள்ளினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 20 மீட்டரில் 10, 12 டன் கிடைத்தாலே பெரிது. மாடலுக்கு மாடல் மாறும், அதற்குத்தான் எந்தத் தூரத்தில் எத்தனை டன் என்று சொல்லும் லோட் சார்ட் கேபினில் இருக்கிறது. பெரும்பாலும் ஆபரேட்டரின் டிபன் டப்பாவுக்கு அடியில்.

இன்னும் புரியவில்லையா? நிறைகுடத்தை இடுப்பில் வைத்துத் தெரு முழுக்க நடக்கிற அம்மாவிடம், அதையே கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். குடம் அதே குடம்தான்.

அந்தத் தூரத்தையும் பம்பரிலிருந்து அளக்கிறார்கள். சுழலும் மையத்திலிருந்து அளக்க வேண்டும். சுமை ஏறியதும் பூம் வளைந்து தூரம் இன்னும் கொஞ்சம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் 26 டன் என்பது வெஸல் மட்டும். கொக்கி பிளாக், சுமையைக் கட்டித் தொங்கவிடும் ஸ்லிங், அதை மாட்டும் ஷேக்கிள் வளையம், ஸ்லிங்குகளை விரித்துப் பிடிக்கும் ஸ்பிரெடர் பீம் எல்லாம் கிரேனுக்குச் சுமைதான்; அவற்றை யார் தூக்குகிறார்களாம்?

"எல்எம்ஐ கத்தவில்லையா?" என்று கேட்டேன். சுமை அளவை மீறினால் எச்சரித்து நிறுத்துகிற கருவி அது. கத்தும் என்று தெரிந்தேதான் அது வேலை செய்யாதபடி சாவியை பைபாஸில் திருப்பியிருக்கிறார்கள். "ஹோ ஜாயேகா சாப்", அதாவது 'ஆயிடும் சார்', என்றாராம் ஆபரேட்டர். மும்பையில் முப்பது வருஷமாக நான் பயப்படுகிற ஒரே வாக்கியம் அது.

உடனே டெஸ்ட் சர்டிபிகேட்டை நீட்டுவார்கள். தூக்கும் கருவிகளை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் முழுசாகச் சோதிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சோதனைதான் அது. கிரேன் நன்றாக இருக்கிறது என்றுதான் அதில் எழுதியிருக்கும். இன்றைக்கு நீங்கள் தூக்கப்போவதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஸ்லிங்கைப் படுக்க வைத்துக் கட்டாதீர்கள். 10 டன்னை ஸ்லிங்கின் இரண்டு காலில் தூக்கும்போது, தரைக்கு 60 டிகிரியில் ஒரு காலுக்கு 5.8 டன். 30 டிகிரிக்குப் படுத்தால் ஒவ்வொரு காலும் 10 டன் இழுக்கும். ஜாக்குக்கு அடியில் எடையைப் பரப்புகிற மேட் பலகை போடுங்கள். மழைக்காலத்தில், மூடிய கேபிள் குழியின் மேல் மேட் போட்டும் நிறுத்தாதீர்கள். பூம் ஒரு மூலைக்குத் திரும்பினால் மொத்த எடையில் முக்கால் பங்குவரை அந்த ஒரே ஜாக்கில் வந்து உட்காரும். அகலமான சுமை என்றால் காற்றையும் பாருங்கள். 1999இல் மில்வாக்கியில் ஸ்டேடியம் கூரைத் துண்டைத் தூக்கும்போது, கூரையின் மேல் அடித்த காற்றைக் கணக்கில் சேர்க்காமல் ராட்சத கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள்.

ஹைட்ரா, அதாவது சுமையை முன்னால் தொங்கவிட்டபடியே ஓடுகிற சின்ன கிரேன், விஷயம் தனிக் கதை. ஆடுகிற சுமையைக் கையால் பிடித்துக்கொண்டு ஹைட்ராவுக்கு முன்னால் பின்பக்கமாக நடக்கிற பையன்களே, தயவுசெய்து வேண்டாம். டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். கயிறு கட்டிப் பக்கவாட்டில், தள்ளி நில்லுங்கள்.

நவ சேவா துறைமுகத்திலிருந்து டிரான்ஸ்பார்மர் ஏற்றி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலத்தில் உங்கள் வண்டி மட்டும், நடுவில், நடை வேகத்தில். மேலே போய் பிரேக் போடாதீர்கள்.

சரி, தளோஜாவுக்கு வருகிறேன். மறுநாள் காலை பையன் டேப் பிடித்து அளந்தான். 14 மீட்டர். சார்ட்டில் அதற்கு 20 டன்கூட இல்லை. சாரக்கட்டைப் பிரித்து, கிரேனை 9 மீட்டருக்கு நெருக்கி நிறுத்த அரை நாள் போயிற்று. கிளையன்ட் இன்ஜினியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். மத்தியானம் மூன்று மணிக்கு, "ஜாக் அசையவே இல்லை அண்ணே" என்று போட்டோ அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன். தொங்குகிற வெஸலுக்கு நேர் அடியில் ஒரு ஹெல்பர், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். அதற்குத் தனியாகப் போன் போட்டுத் திட்டினேன்.